இருபத்தேழாம் குறிப்பு

ஜூன் முப்பதை
செப்டம்பரில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
எபேன், ஏழாவது மாடி.
கண்ணாடிக்கு வெளியே மோக்கா மலையின் முனை
தூறலில் பாதி அழிந்து கிடக்கிறது,
யாரோ ரப்பரால் தேய்க்கத் தொடங்கி
மனம் மாறியதுபோல்.

நாங்கள் வாங்கிய கடனுக்கு
நியாய மதிப்பு போட வேண்டும்.
இந்தச் சொல்லை முதலில் கேட்டபோது
திருச்சியில் எங்கள் தெரு நியாய விலைக் கடையும்
மண்ணெண்ணெய் வரிசையும்தான் நினைவுக்கு வந்தன.
இது அந்த நியாயம் இல்லை.
விதி கேட்பது இவ்வளவுதான்:
இந்தக் கடனை இன்றைக்கே
முன்பின் தெரியாத ஒருவர் தோளில் ஏற்ற
அவருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?
அவசரம் கூடாது. நெருக்கடி கூடாது.
இன்னொன்று,
அந்த ஆளும் உங்கள் அளவுக்கே
நம்ப முடியாதவராக இருக்க வேண்டும்.

அப்படி ஒருவரைத் தேடி
மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.
அவருக்கு ஒரு முகம்கூட வந்துவிட்டது.
சட்டைக் காலர் நைந்திருக்கும்.
தேநீர் வேண்டாம் என்பார்,
பிறகு குடிப்பார்.

பெல் மார் கரையில் எங்கள் விடுதி.
புயலுக்குப் பின் கிழக்குப் பக்கம் இன்னும் தார்ப்பாய்.
ஆயிரம் ரூபாய்க்கு விற்ற பத்திரம்
போர்ட் லூயி சந்தையில் மே மாதம் கடைசியாகக் கைமாறியது.
அங்கிருந்து கூட்டிக் கழித்து
எண்ணூற்று இருபது.
குறைந்தது நூற்றெண்பது.
அதில் முப்பது, ஊரெங்கும் வட்டி ஏறியதால்.
மீதி நூற்றைம்பது
எங்களை நம்பாததால்.

நம்பிக்கை போகப் போகக்
கடன் இளைக்கிறது.
கடன் இளைத்தால் ஆதாயம்.
முதல்முறை படித்தபோது
தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று பார்த்தேன்.
நாளை மொத்தமாகக் கவிழ்ந்தால்
எங்களுக்கு அதைவிடப் பெரிய ஆதாயம் இல்லை.
விதி எழுதியவர்களுக்கும் கூச்சம் இருந்திருக்கிறது.
இதை லாபத்தில் சேர்க்காதே,
வேறு வருமானம் என்று தனியே வை,
பிற்பாடும் உள்ளே விடாதே என்கிறார்கள்,
கல்யாணத்துக்கு வந்துவிட்ட கடன்காரனை
வாசலிலேயே நாற்காலி போட்டு
உட்காரவைப்பதுபோல்.

போன வாரம் பத்திரதாரர் கூட்டம்.
பின்வரிசையில் எழுந்தார் மர்தேமுத்து.
எங்கள் சலவைப் பிரிவில் முப்பத்தோரு வருடம்.
ஓய்வுப் பணத்தில் நாற்பது பத்திரம் வாங்கியவர்.
சுருக்க அறிக்கையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.
கிரியோலில் கேட்டார், நிதானமாக:
“நான் ஆயிரம் கொடுத்தேன்.
எண்ணூற்று இருபதுதான் கடன் என்று எழுதியிருக்கிறீர்கள்.
தவணை முடியும்போது எவ்வளவு தருவீர்கள்?”
ஆயிரம், என்றார் நிதி இயக்குநர்.
“அப்படியானால் அந்த நூற்றெண்பது
இப்போது யாரிடம் இருக்கிறது?”

குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் கேட்டது.
இயக்குநர் என்னைப் பார்த்தார்.
எழுந்து, அது ஒரு அளவீடு மட்டும்தான், என்றேன்.
“நானும் எண்ணியிருக்கிறேன் மதாம்,
படுக்கை விரிப்புகளை.
நூற்றெண்பது குறைந்தால்
அன்றிரவு ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டோம்.”

அவருக்கான பதில் இருபத்தேழாம் குறிப்பில் இருக்கிறது.
எது சந்தை சொன்னது,
எது நாங்களாக நினைத்துக்கொண்டது,
எந்த வட்டியில் எதிர்காலத்தை இன்றைக்கு இழுத்தோம்.
அதற்குக் கீழே, சிறிய எழுத்தில்,
தவணையில் தர வேண்டியதற்கும்
ஏட்டில் காட்டியதற்கும் உள்ள வித்தியாசம்:
லட்சம் பத்திரத்துக்கும் சேர்த்து
ஒரு கோடியே எண்பது லட்சம்.
தணிக்கையாளர் டிக் போட்டுவிட்டார்.

நாற்பதை நூற்றெண்பதால் பெருக்கினேன்,
யாரும் கேட்கவில்லை.
ஏழாயிரத்து இருநூறு.
பென்சிலில் ஓரத்தில் எழுதி
அச்சுக்குப் போகும் முன் அழித்தேன்.
தாளை விளக்குக்குச் சாய்த்தால்
எண் இருந்த பள்ளம் தெரிகிறது.

அடுத்து இருபத்தெட்டு.
குத்தகைக் கடப்பாடுகள்.